ஆறு ராஜ ரதங்கள்

பழைய கார் வேறு, பழம்பெருமை வாய்ந்த கார் வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர்களோடு மோட்டார் காரைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். இருபது வருஷம் ஓடி, கதவு மூடாமல் கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறதே, அது பழைய கார். அதன் சொந்தக்காரர் அதை யார் தலையிலாவது கட்டிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பழம்பெருமை வாய்ந்த காரின் சொந்தக்காரரிடம் போய் விலை கேட்டுப் பாருங்கள். பெற்ற பெண்ணை விலை கேட்டதுபோல் முகம் சிவந்துவிடும்.

மேல் நாட்டார் எதற்கும் சட்டம் எழுதி வைக்கிறவர்கள். இதற்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கிழட்டு வண்டிகளின் ஊர்வலத்தில் சேரவேண்டுமானால் 1905-ஆம் வருஷத்துக்கு முன் பிறந்த வண்டியாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலோ 1952-ல் 'கிளாஸிக் கார் கிளப்' என்று ஒரு சங்கம் ஏற்பட்டது. பெரும்பாலும் இரண்டு மகா யுத்தங்களுக்கும் நடுவே செய்யப்பட்ட, உயர்ந்த வேலைப்பாடுள்ள, விலையுயர்ந்த கார்களுக்குத்தான் அந்தச் சங்கத்தார் பட்டம் கொடுப்பார்கள். பாவம், ஃபோர்டின் 'மாடல் டி' கார்! 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்து ஒரு தேசத்தையே சக்கரத்தின் மேல் ஏற்றி வைத்தது. அதற்கு அந்தப் பட்டம் கிடையாது. ஏழையின் வண்டி அல்லவா?

வருஷத்தை வைத்துக் காரை மதிப்பிடுவது ஜாதகத்தை வைத்து மாப்பிள்ளையை மதிப்பிடுவது போல. ஓரளவுக்குச் சரி, முழுவதும் போதாது. நான் வைத்திருக்கும் பரீட்சை வேறு. ஆபத்து வந்தபோது அந்தக் காரைக் காப்பாற்ற மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பேன். நகையைப் புதைத்து வைத்தவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். நெல்லைப் பதுக்கியவர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். காரைச் சுவர் வைத்து மூடியவர்கள் உண்டா? உண்டு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எத்தோரே புகாட்டி என்பவர் 1881-ல் இத்தாலியில் மிலான் நகரில் பிறந்தார். தகப்பனார் கார்லோ மேஜை நாற்காலிகளைச் சிற்பம்போல் செய்தவர். தம்பி ரெம்பிரான்ட் மிருகங்களை வெண்கலத்தில் வார்ப்பதில் கீர்த்தி பெற்ற சிற்பி. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் இரும்பைத் தொட்டால் என்ன ஆகும்? இரும்பும் சிற்பம் ஆயிற்று. 1909-ல் அல்ஸாஸ் பிரதேசத்தில் மோல்ஸைம் என்ற சிற்றூரில் அவர் தொழிற்சாலை வைத்தார். அப்போது அது ஜெர்மனியைச் சேர்ந்த ஊர். முதல் மகா யுத்தத்துக்குப் பிறகு பிரான்ஸைச் சேர்ந்தது. தேசம் மாறியது, புகாட்டி மாறவில்லை. குதிரைகளிடம் அவருக்கு மோகம் அதிகம். காரின் முகப்பில் இருக்கும் ரேடியேட்டரைக் குதிரை லாடத்தின் வடிவமாகவே செய்துவிட்டார். அவர் செய்த எஞ்சினின் மூடியைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளே எண்ணெய்க் குழாய்களையும் கம்பிகளையும் தேடமாட்டார்களாம். கண்ணாடிபோல் தேய்த்த சமதளங்களையும் நேரான விளிம்புகளையும் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார்களாம்.

1924-ல் லியான் நகரத்துப் பந்தயத்தில் அவருடைய 35-ஆம் எண் ரகக் கார் முதன்முதலாக வெளிவந்தது. ஸிஸிலித் தீவின் மலைப்பாதைகளில் நடக்கும் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் 1925 முதல் 1929 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து புகாட்டியே ஜெயித்தது. வேகமாகப் போக ஆசைப்பட்டவர்கள் மோல்ஸைமுக்கு வந்து காத்துக் கிடந்தார்கள். பிரேக் சரியில்லை என்று ஒருவர் குறை சொன்னதற்கு, தாம் கார் செய்வது ஓடுவதற்கே தவிர நிற்பதற்கு அல்ல என்று புகாட்டி பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அவருக்குப் பொருந்துகிற கதை.

இன்னொரு கதையும் சொல்வார்கள். ஒரு விருந்தில் ஓர் ஆங்கிலச் சீமாட்டி அவரிடம், வேகம் வேண்டுகிறவர்கள் புகாட்டியை வாங்குவார்கள், எல்லாவற்றிலும் சிறந்தது வேண்டுகிறவர்கள் ரோல்ஸ் ராய்ஸைத்தான் வாங்குவார்கள் என்கிற பொருள்பட ஏதோ சொல்லிவிட்டாளாம். புகாட்டிக்குச் சுருக்கென்று தைத்தது. உலகத்து ராஜாக்களுக்கென்றே ஒரு கார் செய்வது என்று சங்கற்பம் செய்துகொண்டார். அதுதான் 41-ஆம் எண் ரகம். 'ராயல்' என்று பெயர்.

அந்த வண்டியின் அளவைக் கேளுங்கள். நீளம் ஏறக்குறைய 6.4 மீட்டர். எடை மூன்று டன்னுக்கு மேல். எஞ்சினின் கொள்ளளவு 12.7 லிட்டர். இன்று நம் தெருக்களில் ஒரு குடும்பம் ஏறிப் போகிற கார்களில் பத்தின் எஞ்சின்களை ஒன்றாகச் சேர்த்தால் என்ன வருமோ, அது அந்த ஒரு காருக்குள் இருந்தது. ரேடியேட்டரின் உச்சியில், தும்பிக்கையைத் தூக்கிப் பின்னங்கால்களில் நிற்கும் ஒரு யானை. தம்பி ரெம்பிரான்ட் வார்த்த யானை. அந்தத் தம்பி 1916-லேயே தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர். இறந்த தம்பியின் யானையைத் தம் மிகப் பெரிய வண்டியின் தலையில் தூக்கி வைத்தார் தமையன். கதை எழுதுகிறவனாகிய எனக்கு அந்தக் காரில் மிகவும் பிடித்த உறுப்பு எஞ்சின் அல்ல, அந்த யானைதான்.

இருபத்தைந்து வண்டிகள் செய்வதாகத் திட்டம். ஆனால் 1929-ல் அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் விழுந்தது. உலகமெங்கும் பணம் ஒளிந்துகொண்டது. காருக்காகக் காத்திருந்த ராஜாக்களின் நிலைமை காரைவிட மோசம். ஸ்பெயின் தேசத்து அல்ஃபான்ஸோ மன்னர் வாங்குவார் என்ற பேச்சு இருந்தது. 1931-ல் அவருக்கே சிம்மாசனம் போய்விட்டது. கடைசியில் நிலைத்தவை ஆறே வண்டிகள். அந்த ஆறிலும் விலைபோனவை மூன்று. வாங்கியவர்கள் யார்? பிரான்ஸில் ஒரு ஜவுளி முதலாளி, ஜெர்மனியில் ஒரு டாக்டர், இங்கிலாந்தில் ஒரு காப்டன். ராஜாக்களுக்காகப் பிறந்த காரில் ஒரு ராஜாகூட ஏறவில்லை.

மீந்துபோன எஞ்சின்களை என்ன செய்வது? புகாட்டி அவற்றை ரயில் பெட்டிகளில் பொருத்தினார். 1933 முதல் பிரெஞ்சு ரயில் பாதைகளில் அந்தப் பெட்டிகள் மின்னல்போல் ஓடின. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறிய சாதாரண ஜனங்கள் ராஜ எஞ்சினில் பிரயாணம் செய்தார்கள். முதலாளிக்குப் பணம் சம்பாதித்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

இத்தனை பெரிய காரைச் செய்துகொண்டிருந்த அதே சமயத்தில் புகாட்டி ஒரு சின்னஞ்சிறு காரும் செய்தார். கடைக்குட்டிப் பிள்ளை ரோலானுக்காக, 35-ஆம் ரகப் பந்தயக் காரைச் சரிபாதியாகச் சுருக்கி, பாட்டரியில் ஓடும்படி அமைத்த பொம்மை வண்டி. லாட வடிவ ரேடியேட்டர், மெய்யான பிரேக், கூரான வால், எல்லாம் உண்டு. தொழிற்சாலைக்கு வந்த கனவான்கள் அதைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்றார்கள். 1927 முதல் அதற்கும் ஓர் எண் கொடுத்து விற்க ஆரம்பித்தார்: 52-ஆம் ரகம். வேடிக்கையைப் பாருங்கள். ராஜ ரதம் மூன்றுதான் விற்றது. பொம்மை வண்டி நூற்றுக்கணக்கில் விற்றது. மாதிரி வண்டிகளை விளையாட்டுச் சாமான் என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு நான் இந்த ஒரு செய்தியைத்தான் சொல்வது வழக்கம். உலகத்தின் மிகப் பெரிய காரைச் செய்தவரே மாதிரிக் காரும் செய்தார். அதையும் அதே சிரத்தையோடு செய்தார்.

பிறகு கஷ்ட காலம் வந்தது. 1936-ல் பிரான்ஸ் முழுவதும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. மோல்ஸைமிலும் நடந்தது. தம்மைக் குடும்பத் தலைவராகவும் தொழிலாளர்களைப் பிள்ளைகளாகவும் எண்ணியிருந்த எத்தோரேக்கு மனம் விட்டுப் போயிற்று. மூத்த மகன் ஜானிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பாரிஸுக்குப் போய்விட்டார். ராயல் கார்களில் ஒன்றுக்குப் படகுபோல் நீண்ட அழகிய உடல் அமைத்தவர் இந்த ஜான். அந்தக் காரை வாங்கிய ஜவுளி முதலாளி எஸ்தேர் இரவில் கார் ஓட்டுவதில்லை என்பதால் முன்விளக்குகளே இல்லாமல் செய்து கொடுத்தார். முகத்தில் விளக்கு இல்லாததால் அதன் அழகு தடைபடாமல் ஓடிற்று. ஆனால் 1939 ஆகஸ்டில், ஒரு பந்தயக் காரை மோல்ஸைமுக்கு அருகே சாலையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குறுக்கே வந்த ஒரு சைக்கிள்காரரைத் தப்பவைக்கத் திருப்பிய ஜான் மரத்தில் மோதி மாண்டார். வயது முப்பது. மூன்று வாரத்தில் இரண்டாவது மகா யுத்தம் தொடங்கிற்று.

ஜெர்மானியர் பிரான்ஸுக்குள் புகுந்ததும் நல்ல கார்களுக்கெல்லாம் ஆபத்து வந்தது. புகாட்டி குடும்பத்தாரிடம் விற்காத ராயல் கார்கள் மூன்றும் இருந்தன. பாரிஸுக்கு வடக்கே எர்மனோன்வில் என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு மாளிகை. அங்கே கார்களை நிறுத்தி, முன்னால் செங்கல் சுவர் எழுப்பி மூடிவிட்டார்கள். யுத்தம் முடிகிறவரையில் மூன்று ராஜ ரதங்களும் இருட்டில் நின்றன. நான் சொன்ன பரீட்சை இதுதான். அந்தச் சுவரை எழுப்பிய கொத்தனாரின் பெயர் சரித்திரத்தில் இல்லை. இருந்திருந்தால் அவரைத்தான் நான் அந்தக் கார்களின் மெய்யான சொந்தக்காரர் என்பேன்.

கடல் கடந்த ராயல் ஒன்றின் கதை இன்னும் விசேஷம். ஜெர்மன் டாக்டர் தம் காரோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நியூயார்க் குளிரில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடித்துவிட்டது. யுத்த காலத்தில் அது பழைய இரும்புக் கடையில் கிடந்தது. உருக்கிக் குண்டு செய்ய ஏற்ற இரும்பு மூன்று டன்! 1943-ல் ப்யூக் கம்பெனியின் தலைமை எஞ்சினீயர் சார்லஸ் சேன் என்பவர் அதைச் சுமார் 400 டாலருக்கு வாங்கி மீட்டார். யுத்தம் முடிந்ததும் பழுது பார்த்து ஓட்டினார். பிற்பாடு டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு மியூஸியத்துக்குத் தானம் செய்துவிட்டார். ஒன்றரைக் கோடி ஏழை வண்டிகளைச் செய்தவரின் பெயரால் உள்ள மண்டபத்தில் இன்று அந்த ராஜ வண்டி நிற்கிறது.

எத்தோரே புகாட்டி 1947-ல் காலமானார். 1950-ல் அவர் மகளிடமிருந்து இரண்டு ராயல்களைப் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கச் செல்வர் வாங்கினார். கொஞ்சம் பணமும், அப்போது பிரான்ஸில் கிடைக்காத ரெஃப்ரிஜிரேட்டர் இரண்டும் கொடுத்து வாங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. அந்த இரண்டில் ஒன்று 1987-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஏலம் போயிற்று. விலை 55 லட்சம் பவுன்! முப்பத்தேழு வருஷத்தில் அந்த இரும்பு ஒரு ரவைகூடக் கூடவில்லை; மனிதர்களின் ஆசைதான் கூடியிருந்தது.

இனி ஷ்லும்ப் சகோதரர்களுக்கு வருவோம். ஹான்ஸ், ஃப்ரிட்ஸ் என்று இருவர். ஸ்விஸ் பிரஜைகள். தாயார் அல்ஸாஸில் மூலூஸ் நகரத்துக்காரி. அந்தப் பிரதேசத்தில் கம்பளி நூல் ஆலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிப் பெரிய முதலாளிகள் ஆனார்கள். இளையவர் ஃப்ரிட்ஸுக்குப் புகாட்டிப் பைத்தியம். மோல்ஸைம் அங்கிருந்து வெகு தூரமில்லை. சிறு வயதிலிருந்து மனத்தில் புகுந்த பைத்தியமாக இருக்கலாம். 1960-களில் அவர் உலகெங்கும் கடிதம் எழுதிப் புகாட்டிகளை வாங்கிக் குவித்தார். அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் ஷேக்ஸ்பியர் என்ற பெயருடைய ஒருவர் முப்பது புகாட்டிகள் வைத்திருந்தார். 1964-ல் முப்பதையும் 85,000 டாலருக்கு மொத்தமாக வாங்கினார் ஃப்ரிட்ஸ். தலைக்கு மூவாயிரம் டாலர்கூட ஆகவில்லை. அதில் இங்கிலாந்துக் காப்டனின் ராயலும் ஒன்று! சரக்கு ரயிலில் ஏற்றி, கப்பலில் ஏற்றி, மூலூஸுக்குக் கொண்டுவந்தார்கள். எத்தோரே புகாட்டி தாமே ஏறிப் போய்க்கொண்டிருந்த ராயலும் அவர் கைக்கு வந்தது.

இத்தனையும் ரகசியமாக நடந்தது. மூலூஸில் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தில் கார்களை வைத்துத் தச்சர், கொல்லர், தோல் வேலைக்காரர், சாயக்காரர் என்று ஆட்களை அமர்த்திப் புதுப்பித்தார்கள். வெளியே ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கட்டளை. பாரிஸில் மூன்றாம் அலெக்ஸாண்டர் பாலத்தில் உள்ள விளக்குத் தூண்களைப்போல் நூற்றுக்கணக்கில் வார்த்து உள்ளே வரிசையாக நட்டார்கள். நானூறுக்கு மேற்பட்ட கார்கள் அந்த விளக்கொளியில் நின்றன. தாயாரின் ஞாபகார்த்தமாக அதை அர்ப்பணம் செய்தார்கள். தாஜ்மகால் கட்டிய மனம்தான். ஆனால் ஷாஜகான் வாசலைப் பூட்டி வைக்கவில்லை.

1970-களில் கம்பளி வியாபாரம் படுத்தது. ஆலைகளில் ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கடைசியில் கதவடைப்பு. 1976-ல் சகோதரர்கள் ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்துக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச்சில் வேலை இழந்த தொழிலாளர்கள் மூலூஸ் கட்டடத்தின் கதவைத் திறந்து உள்ளே புகுந்தார்கள். அந்தக் காட்சியை நான் பல தடவை மனத்தில் வரைந்து பார்த்திருக்கிறேன். சம்பளம் நின்றுபோன நூற்பாலைக்காரர். வீட்டில் அடுப்பு எரியவேண்டும். கையில் ஒன்றும் இல்லை. கதவுக்கு அப்பால் வரிசை வரிசையாக விளக்குகள். ஒவ்வொரு விளக்கின் கீழும் ஒரு கார். நீலம், கறுப்பு, மஞ்சள். ஒரு தூசு இல்லை. தங்கள் உழைப்பு எங்கே போயிற்று என்று அவர்கள் அதுவரையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதோ, இங்கே நிற்கிறது.

ஒரு நாவலாசிரியன் இந்த இடத்தில் என்ன எழுதுவான்? கடப்பாறை எடுத்தார்கள், கண்ணாடிகள் நொறுங்கின, தீ எழுந்தது என்று எழுதுவான். வாசகர்களும் நம்புவார்கள். சரித்திரம் நாவலைவிடப் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. தொழிலாளர்கள் அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், காவல் காத்தார்கள், ஜனங்களை உள்ளே விட்டுக் காட்டினார்கள். இரண்டு வருஷம் வரையில் லட்சக்கணக்கானவர்கள் வந்து பார்த்தார்கள். கார்களைத் துண்டு துண்டாக விற்றுக் கடனை அடைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, 1978-ல் பிரெஞ்சு அரசாங்கம் அந்தத் திரட்டு முழுவதையும் சரித்திரச் சின்னமாக அறிவித்தது. 1982-ல் அது தேசிய மியூஸியமாயிற்று.

ஃப்ரிட்ஸ் ஷ்லும்ப் வில்லனா? அப்படிச் சுலபமாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் வாங்காவிட்டால் அந்தக் கார்களில் பல துருவாகியிருக்கும். முப்பது புகாட்டிகளையும் அமெரிக்காவில் நிறுத்தி வைத்திருந்த நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. அவர் வாங்கியதும் நன்மை, புதுப்பித்ததும் நன்மை. பூட்டியதுதான் பிசகு. அழகான பொருளைச் சேர்ப்பவனுக்கு ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. கூலி கொடுத்துச் செய்வித்தவன் பத்திரத்தின்படி சொந்தக்காரன்தான். ஆனால் சுத்தியல் பிடித்தவனுக்கும், நூல் நூற்று அந்தக் கூலிக்குப் பணம் உண்டாக்கியவனுக்கும், வாசலில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிற உரிமையாவது உண்டு. இந்த உரிமை எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை.

இங்கேதான் மாதிரிக் கார்களின் பெருமை எனக்குப் புலப்படுகிறது. 55 லட்சம் பவுனுக்கு நாம் எங்கே போவது? 2022-ல் மெர்ஸிடிஸ் கார் ஒன்று பதின்மூன்றரைக் கோடி யூரோவுக்கு விலைபோயிற்று. இனி நம்மைப் போன்றவர்கள் பழம்பெருமைக் கார்களை ஏலக் கடை வாசலில்கூட நின்று பார்க்க முடியாது. ஆனால் ஒரு பெட்டி பிளாஸ்டிக் உறுப்புகளும் ஒரு குப்பிப் பசையும் வாங்க முடியும்.

இந்தச் சாமானுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் மெக்கானோ கம்பெனி 1930-களில் 'டிங்கி' என்ற பெயரில் துத்தநாகக் கலப்பில் வார்த்த சிறு கார்களை விற்றது. அந்தக் கம்பெனியின் பழைய அச்சுகளில் சில 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்து 'நிக்கி' என்ற பெயரில் நம் நாட்டுப் பிள்ளைகளின் கைக்கும் கிடைத்தன. லெஸ்னி கம்பெனியைச் சேர்ந்த ஜாக் ஓடல், தம் மகளின் பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைதான் கொண்டுவரலாம் என்று விதி இருந்ததால், பித்தளையில் குட்டி ரோடு எஞ்சின் செய்து கொடுத்தார். அதிலிருந்துதான் 1953-ல் 'மாட்ச்பாக்ஸ்' பிறந்தது. 1956 முதல் அவர்களே பழங்கால வண்டிகளுக்கென்று தனி வரிசை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 1951-ல் ரெவல் கம்பெனி 'ஹைவே பயோனியர்ஸ்' என்ற பெயரில் பழைய கார்களைப் பிளாஸ்டிக் உறுப்புகளாகப் பெட்டியில் அடைத்து விற்றது. 1958 முதல் ஏ.எம்.டி. கம்பெனியார் ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்துகொள்ளும் கார்களை விற்றார்கள்: கடையில் வந்தபடி ஒன்று, சொந்த ஷோக்குப்படி ஒன்று, பந்தயத்துக்கென்று ஒன்று. இத்தாலியில் டுரின் நகரத்துப் போக்கர் கம்பெனியாரோ எட்டில் ஒரு பங்கு அளவில் ரோல்ஸ் ராய்ஸ் விற்றார்கள். உறுப்புகள் இரண்டாயிரத்துக்கு மேல். அதைச் செய்து முடித்தவர் தமக்குத் தாமே எஞ்சினீயர் பட்டம் சூட்டிக்கொள்ளலாம்.

என்னிடம் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் ஒரு புகாட்டி இருக்கிறது. 35-ஆம் ரகம். நீளம் என் உள்ளங்கையைவிடச் சற்று அதிகம். நானே செய்தது. உறுப்புகளைச் சட்டத்திலிருந்து நகவெட்டியால் நறுக்கி, ஓரத்தைத் தேய்த்து, ஒட்டி, நீலச் சாயம் பூச இரண்டு வாரம் பிடித்தது. முன் அச்சை ஒட்டிய பிறகு, இந்த வில் எப்படி இந்த அச்சோடு சேர்ந்திருக்கிறது என்று ஒரு சந்தேகம் வந்தது. மற்றக் கார்களில் வில்லை அச்சின் மேலோ கீழோ வைத்துப் பட்டை போட்டுக் கட்டுவார்கள். புகாட்டியில் அச்சிலேயே சதுரத் துளை செய்து, வில்லை அதன் ஊடே செலுத்தியிருக்கிறார். ஊசிக் காதில் நூல் கோப்பதுபோல. எத்தனையோ படங்களில் அந்தக் காரைப் பார்த்திருக்கிறேன். கை வேலை செய்தபோதுதான் கண் திறந்தது. அச்சில் துளை போடுவது எவ்வளவு கஷ்டம், எவ்வளவு அநாவசியம், எவ்வளவு அழகு என்று அன்று இரவு யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த அநாவசியமான அழகுதான் புகாட்டி.

மாதிரிக் காரில் எல்லாம் வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ராயலை முப்பத்திரண்டில் ஒன்றாகச் சுருக்கினால் இருபது சென்டிமீட்டர்தான். பக்கத்தில் ஒரு மனித பொம்மையை நிறுத்தினால் ஒழிய அது ராட்சத வண்டி என்று யாருக்கும் தெரியாது. சக்கரம், மூடி, கதவு எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கியிருப்பதால் அது பெரிய கார்போலவே தோன்றாது. ஆனால் இதிலும் ஒரு லாபம். பிரமிப்பு நீங்கிய பிறகு எஞ்சுகிற அழகுதான் மெய்யான அழகு. பெருத்த சரீரத்தால் மட்டும் மதிப்பு வாங்கிய கார்கள் பல, மாதிரியாகச் சுருங்கியதும் சோப்புக் கட்டிபோல் ஆகிவிடுகின்றன. ராயல் அப்படி ஆவதில்லை.

இந்தப் பொழுதுபோக்குக்காரர்களிடம் எனக்கு ஒரு மனஸ்தாபமும் உண்டு. பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் அடுக்கி வைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பிரித்தால் விலை குறைந்துவிடுமாம். ஒட்டாத காருக்கு அதிக மதிப்பாம்! கொலுப் பொம்மைகளைப் பரணிலேயே வைத்துவிட்டு நவராத்திரி கொண்டாடுவதுபோல் இருக்கிறது இது. ஃப்ரிட்ஸ் ஷ்லும்பாவது கார்களை வெளியே எடுத்துத் துடைத்து விளக்கின் கீழ் நிறுத்தினார். இவர்கள் அதுவும் செய்வதில்லை.

பிள்ளைகள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் அத்தாட்சி இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஃபிஷர் பாடி பிரிவார் 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கு மாதிரி வண்டிப் போட்டி நடத்தினார்கள். நெப்போலியன் காலத்துச் சாரட்டு ஒன்றைச் சிறிய அளவில் அப்படியே செய்யவேண்டும்; பிற்பாடு, சொந்தக் கற்பனையில் கார் செய்வதற்கும் போட்டி வைத்தார்கள். ஜெயித்தவர்களுக்குக் கல்லூரிச் செலவுக்குப் பணம். 1947-ல் முதல் பரிசு வாங்கிய சார்லஸ் ஜோர்டன் என்ற பையன், 1986-ல் அந்தக் கம்பெனியின் கார்களுக்கெல்லாம் வடிவம் அமைக்கும் பிரிவின் தலைவரானார். மரக்கட்டையைச் செதுக்கிய கை!

கடைசியாக ஒரு செய்தி. முன்விளக்கு இல்லாத காரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதன் அழகிய உடலைப் பின்னால் வாங்கியவர் கழற்றிவிட்டு வேறு உடல் பூட்டிக்கொண்டார். ஜான் புகாட்டி அமைத்த உருவம் போயே போய்விட்டது. இன்று மூலூஸ் மியூஸியத்தில் அந்தக் கார் நிற்கிறது. எப்படி? மீந்திருந்த பழைய உறுப்புகளையும் படங்களையும் வைத்துக்கொண்டு, அங்கேயுள்ளவர்கள் அதைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். அதாவது, அதுவும் ஒரு மாதிரி வண்டிதான். அளவு மட்டும் ஒன்றுக்கு ஒன்று. அதை அசல் என்று அவர்கள் சொல்வதில்லை. வருகிறவர்களும் அசல் இல்லையே என்று முகம் திருப்புவதில்லை. முப்பது வயதில் மாண்ட ஒரு பிள்ளை மனத்தில் கண்ட கோடு, கை மாறிக் கை மாறி, யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வாசலை முதலில் திறந்து விட்டவர்கள் கம்பளி நூற்றவர்கள்.